இஸ்திரி மேசைக்கும் உருளைக்கும் மாற்று உறை தைத்தல்
மகளிர் குழுக்களுக்கு ஏற்ற ஓர் உபதொழில்

கம்பம் பள்ளத்தாக்கு நீர்வளம் மிக்கது. 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட நாள்தொட்டு இருபோக நெல்லும், பின்னர் திராட்சையும் வாழையும் தென்னையும் இப்பகுதி மக்களை வாழ்வித்து வருகின்றன. ஆயினும், நடவும் களையும் அறுவடையும் இல்லாத நாட்களில் பெண்களுக்கு ஊரில் வேலை இல்லை என்பதை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிவர். கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிச் செல்லும் பெண்கள் பலர். கைக்குழந்தை உடையோர், முதியோரைப் பேணுவோர், மலையேற்றத்தைத் தாங்க இயலாதோர் ஆகியோர் அதற்கும் செல்ல இயலாது வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர்.

இத்தகையோருக்கு ஏதேனும் உபதொழில் வேண்டும் என்று நாம் பேசும்போதெல்லாம் அப்பளம், ஊறுகாய், மசாலைப் பொடி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரில் ஐந்து குழுக்களும் அப்பளமே செய்தால் அவற்றை வாங்குவோர் யார்? ஆகவே, பிறர் அதிகம் கவனியாத, ஆனால் தேய்ந்து தேய்ந்து மீண்டும் வாங்கப்பட வேண்டிய ஒரு பொருளைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம். அதுதான் இஸ்திரி போடும் மேசைக்கும், இஸ்திரி உருளை இயந்திரத்துக்கும் உரிய மாற்றுத் துணியுறை.

உறை எத்தனை வகை?

சூடான பெட்டி துணியின்மேல் நகர்கிறது. துணிக்கு அடியில் ஒரு மெத்தென்ற படுக்கை இருக்கிறது. அப்படுக்கையை மூடியிருப்பதே உறை. இதனை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நமது தெருமுனைகளில் காணும் இஸ்திரி வண்டியின் பலகைக்கும், தையற்கடை மேசைக்கும் உரிய நீள்சதுர உறை. இரண்டாவது, வீடுகளில் பயன்படும் மடக்கு மேசைக்கு உரிய, ஒருமுனை குறுகிய உறை. கைப்பகுதியையும் உடற்பகுதியையும் எளிதாகத் தேய்க்கும்பொருட்டு வளைந்து குறுகிய பலகை ஒன்றை அமைத்து, அமெரிக்க நாட்டின் சாரா பூன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1892-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் தையல் தொழில் செய்து வாழ்ந்தவர் என்பது நமது மகளிர் அறிந்து மகிழத்தக்கது.

மூன்றாவது, உருளை இயந்திரத்துக்கு உரியது. இவ்வியந்திரத்தில் துணி சுற்றிய உருளை ஒன்று சுழலும். சூடான உலோகத் தகடு அதன்மேல் அழுந்தும். இடையில் செலுத்தப்படும் விரிப்பு மடிப்பின்றி வெளிவரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் இது இடம் பெற்றிருந்தது. ஜெர்மனி போன்ற நாடுகளில் இன்றும் வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்கிறது. நமது கிராம வீடுகளில் இது அரிது. ஆனால், மிகுந்த விரிப்புகளைச் சலவை செய்யும் நிலையங்களில் இதன் பெரிய உருவங்கள் இயங்குகின்றன.

நல்ல உறை ஏன் வேண்டும்?

நம் ஊர்களில் இஸ்திரி வண்டிப் பலகையின்மேல் பழைய போர்வையும் அதன்மேல் பழைய சேலையும் விரிப்பது வழக்கம். பருத்திச் சேலை உடுத்திய காலத்தில் இதனால் கேடில்லை. இன்று பழைய சேலை என்று கிடைப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் கலந்தது. பருத்தித் துணியைத் தேய்க்கப் பெட்டி ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பாலியெஸ்டர் ஏறக்குறைய 250 பாகைக்கு மேல் உருகும்; அதற்கு முன்னரே இளகத் தொடங்கிவிடும். கரிப்பெட்டியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஏதும் இல்லை. ஒரு நொடி பெட்டி நின்றுவிட்டால் விரிப்பு இளகிப் பெட்டியின் அடித்தகட்டில் பசைபோல் ஒட்டும். அப்பசை அடுத்துத் தேய்க்கும் வெள்ளைச் சட்டையில் கறையாகப் பதியும்.

அச்சட்டையின் விலையைக் கொடுக்க வேண்டியவர் இஸ்திரி போடுபவரே. ஒரு சட்டைக்குச் சில ரூபாய் கூலி பெறும் தொழிலாளிக்கு, ஒரு சட்டை கெடுவது பல நாள் உழைப்பு வீணாவதாகும். எனவே, இங்கு நாம் பேசுவது ஒரு துணித்துண்டைப் பற்றி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் ஊதியத்தைப் பற்றியுமாகும்.

சிலர் படுக்கைக்கு ரப்பர் நுரை அல்லது செயற்கைப் பஞ்சு நுரையை இடுகின்றனர். இது பெரிதும் ஆபத்தானது. நுரை தீப்பற்றினால் விரைந்து எரிவதுடன் நச்சுப்புகையையும் வெளியிடும். இஸ்திரி மேசையில் நுரை கூடவே கூடாது.

துணியைத் தெரிந்தெடுத்தல்

மேலுறைக்கு ஏற்றது முழுப் பருத்தியாலான, சாயமேற்றாத, நெருக்கமாக நெய்த காடாத் துணியாகும். சாயத் துணி கூடாது. நீராவி பட்டதும் சாயம் கசிந்து பிறர் துணியில் ஏறும். கூடாரத் துணி போன்று மிகவும் முரடானதும் கூடாது. அதன் இழை வடிவம் மெல்லிய துணியில் பதிந்துவிடும். காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி இரண்டே வாரத்தில் கிழியும்.

ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் ஆகிய ஊர்கள் பருத்திச் சேலை நெசவுக்குப் பெயர் பெற்றவை. துணியின் நெருக்கத்தையும் இழையின் தன்மையையும் விரலால் தடவியே சொல்லவல்ல நெசவாளர் அங்கு உள்ளனர். முதன்முறை துணி வாங்கச் செல்லும் குழுவினர் அத்தகைய ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று.

கடைக்காரர் பருத்தி என்று சொன்னாலும் சோதித்தே வாங்குதல் வேண்டும். துணியிலிருந்து சில இழைகளை உருவி, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுக. பருத்தியாயின், காகிதம் எரிவதுபோன்ற மணத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாக மாறும். பாலியெஸ்டராயின், சுருங்கி உருகிக் கடினமான கரிய மணியாகத் திரளும். இரண்டும் கலந்ததாயின், எரிவதும் உருகுவதும் சேர்ந்தே நிகழும். பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியே சோதிக்க. ஒன்று பருத்தியாகவும் மற்றொன்று கலப்பாகவும் இருத்தல் உண்டு. தையல் நூலும் பருத்தி நூலாகவே இருத்தல் வேண்டும். துணி தாங்கினாலும் நூல் இளகினால் தையல் விட்டுப்போகும்.

கஞ்சி நீக்குதல்

நெசவின்போது பாவுக்குக் கஞ்சி இடப்படுகிறது. கஞ்சியுடன் உறை தைத்தால் சூட்டில் அது பழுப்பேறும், பெட்டியிலும் ஒட்டும். மேலும், காடாத் துணி முதல் சலவையில் கணிசமாகச் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் உறை மேசைக்குச் சேராது. ஆகவே, வெட்டுவதற்கு முன்னரே செய்ய வேண்டுவன:

1. துணியை ஓர் இரவு முழுவதும் மிகுந்த நீரில் ஊறவைக்க.
2. மறுநாள் அலசி, சிறிது சலவைச் சோடாவும் சோப்பும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க.
3. சோடா முற்றும் நீங்குமாறு மூன்று நான்கு முறை நல்ல நீரில் அலசுக. காரம் எஞ்சினால் சூட்டில் துணி மஞ்சளாகும்.
4. முறுக்கிப் பிழியாமல் உலர்த்தி, இளம் ஈரத்தில் தேய்த்து மட்டமாக்குக.

கஞ்சி நீங்கியதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. துணியின் ஒரு மூலையில் டிங்சர் அயோடின் ஒரு துளி இடுக. கருநீலமாக மாறினால் கஞ்சி எஞ்சியுள்ளது. மீண்டும் ஊறவைத்தல் வேண்டும். பழுப்பாகவே இருந்தால் துணி ஏற்றது. சோதித்த மூலையை வெட்டி நீக்குக.

மேசை உறை தைக்கும் முறை

தையல் இயந்திரம், கத்தரிக்கோல், அளவு நாடா, சுண்ணக்கட்டி, ஊக்கு ஆகியவை போதும். 120 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையை உதாரணமாகக் கொள்வோம்.

நான்கு புறமும் 15 சென்டிமீட்டர் கீழே தொங்க வேண்டும். நாடா கோப்பதற்கான மடிப்புக்கு ஒவ்வொரு புறமும் 3 சென்டிமீட்டர் வேண்டும். எனவே நீளம் 120, 30, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 156 சென்டிமீட்டர். அகலம் 75, 30, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 111 சென்டிமீட்டர். இது சுருக்கம் நீங்கிய துணியின் அளவு. பாவு வாக்கில் 10 விழுக்காடு சுருங்கும் எனக் கொண்டால் 1.75 மீட்டர் வாங்குதல் வேண்டும். 120 சென்டிமீட்டர் அகலத் துணி ஊடை வாக்கில் 5 விழுக்காடு சுருங்கினாலும் 114 சென்டிமீட்டர் எஞ்சும், அது போதும். ஒவ்வொரு துணியும் சுருங்கும் அளவு வேறுபடுமாதலால், முதலில் ஒரு மீட்டரை மட்டும் நனைத்து உலர்த்தி அளந்து பார்த்த பின்னரே மொத்தமாக வாங்குக.

வெட்டிய துணியின் நான்கு மூலைகளையும் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து வளைவாக வரைந்து வெட்டுக. மூலை கூராக இருப்பின் நாடா இழுக்கும்போது துணி குவிந்து முடிச்சாகும். ஓரத்தை முதலில் 1 சென்டிமீட்டரும் பிறகு 2 சென்டிமீட்டரும் மடித்து, அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் தைக்க. குறுகிய பக்கம் ஒன்றின் நடுவில் 4 சென்டிமீட்டர் தைக்காமல் விட்டு, அவ்வழியே ஊக்கின் துணையால் பருத்தி நாடாவைக் கோக்க. உறையின் சுற்றளவு ஏறக்குறைய 510 சென்டிமீட்டராதலால், முடிச்சுக்கும் சேர்த்து 5.5 மீட்டர் நாடா வேண்டும்.

மேசையின் மேற்பரப்பில் ஒட்டோ தையலோ வருதல் கூடாது. அவ்விடம் மேடாகி, தேய்க்கப்படும் துணியில் கோடாகப் பதியும். பொத்தான், உலோகக் கொக்கி ஆகியவையும் வேண்டா. பலகைக்கு அடியில் நாடா பற்றுவதற்கு விளிம்பு இல்லாத வண்டிகளுக்கு, உறையின் ஓரத்தில் எட்டு நாடாத் துண்டுகளைத் தைத்து, சட்டத்தின் கால்களோடு கட்டுமாறு அமைக்கலாம்.

உருளை உறை

உருளைக்கு அளவெடுக்கும்போது வெறும் உருளையை அளத்தல் தவறு. படுக்கைத் துணி சுற்றிய பின்னரே அளக்க வேண்டும். உருளையின் நீளம் 80 சென்டிமீட்டர், படுக்கையோடு சேர்ந்த விட்டம் 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 38 சென்டிமீட்டர். உறை ஒன்றரைச் சுற்று வருதல் நன்று. ஆகவே 57 சென்டிமீட்டர் வேண்டும். நீளவாக்கில், இரு முனைகளிலும் பக்கத்தை மூட 5 சென்டிமீட்டரும் நாடா மடிப்புக்கு 2 சென்டிமீட்டரும் சேர்த்தால் 94 சென்டிமீட்டர் ஆகும்.

இங்கு ஒரு சிக்கனம் உண்டு. வெளிப்புறம் வரும் ஓரத்தை மடித்துத் தைத்தால் மேடாகும், மடிக்காவிட்டால் பிரியும். இதற்குத் தீர்வு துணியின் கரையையே வெளியோரமாக அமைத்தலாகும். கரை பிரியாது, மேடும் ஆகாது. சுருங்கிய பின் 114 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 57 சென்டிமீட்டர் வீதம் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை. ஆக, 94 சென்டிமீட்டர் துணியில் சிறிதும் வீணின்றி இரண்டு உறைகள் கிடைக்கின்றன.

உறையைச் சுற்றும் திசை முக்கியமானது. தென்னங்கீற்று வேயும்போது, ஓடும் நீர் ஓரத்தில் இடறாதவாறு மேற்கீற்றுக் கீழ்க்கீற்றின்மேல் படிய அடுக்குகிறோம் அல்லவா? அவ்வாறே, தகடு துணியை வருடிச் செல்லும் போக்கில் உறையின் ஓரம் படிந்து கொடுக்க வேண்டும். எதிர்த்து நின்றால் தகடு ஓரத்தை உயர்த்தி மடக்கிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, உருளையைக் கையால் சுழற்றிப் பார்த்தே இதனை உறுதி செய்தல் வேண்டும்.

அடிப்படுக்கை

படுக்கைக்குக் கம்பளியும் பருத்திப் போர்வையும் ஏற்றவை. கம்பளி நுரைபோல் உருகாது, மிதிபட்டாலும் மீண்டும் எழும், நீராவியையும் உள்வாங்கும். கம்பளி என்று விற்கப்படுவனவற்றுள் பல செயற்கை இழையாலானவை. முன்சொன்ன தீச்சோதனையில் உண்மைக் கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும்; உருகி ஒழுகாது. கம்பளியின்மேல் ஒரு பருத்திப் போர்வையும், அதன்மேல் உறையும் வருதல் முறை.

படுக்கையையும் உறையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தல் கூடாது. உறை சில மாதங்களில் கருகித் தேயும்; படுக்கையோ நெடுநாள் உழைக்கும். சேர்த்துத் தைத்தால் தேய்ந்த உறையோடு தேயாத படுக்கையையும் எறிய நேரிடும். தனித்தனியாக இருப்பின் உறையைக் கழற்றித் துவைக்கலாம்; வேண்டும்போது மாற்றலாம். மாற்று உறை என்னும் தொழிலே இதனால்தான் நிற்கிறது.

வரவு செலவுக் கணக்கு

கீழ்க்காணும் விலைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை. குழுவினர் தத்தம் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுக.

துணி 1.75 மீட்டர், மீட்டர் 80 ரூபாய் வீதம்: 140 ரூபாய்.
நாடா 5.5 மீட்டர், மீட்டர் 4 ரூபாய் வீதம்: 22 ரூபாய்.
நூல், சோடா, எரிபொருள், இயந்திரத் தேய்மானம்: 8 ரூபாய்.
கூலி, நாள் ஒன்றுக்கு 400 ரூபாயும் நான்கு உறைகளும் எனக் கொண்டு: 100 ரூபாய்.
ஆக மொத்தம் அடக்கவிலை: 270 ரூபாய்.

கூலியைக் கணக்கில் சேர்க்காமல் "நம் கையால்தானே தைத்தோம்" என்று விட்டுவிடுவது குழுக்களிடையே காணப்படும் பெருங்குறை. கூலி சேராத விலை ஆதாயமன்று, உழைப்பின் இழப்பேயாகும்.

எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

இவ்வினாவை எழுப்பாமல் கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுதல் கூடாது. ஓர் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இஸ்திரி வண்டி, தையற்கடை எல்லாம் சேர்த்து 20 மேசைகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2 உறைகள் வேண்டும் என்றும் கொள்வோம். 40 உறைகள், நாளொன்றுக்கு நான்கு வீதம் பத்து நாள் வேலை. அவ்வளவே. பத்துப் பெண்களுக்கு ஆண்டில் நூறு நாள் வேலை தர வேண்டுமாயின் 4,000 உறைகளும், அவற்றை வாங்க 2,000 மேசைகளும் வேண்டும்.

எனவே, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு குழுவும் இதனைத் தொடங்குதல் அறிவுடைமையன்று. வட்டாரத்துக்கு ஒரு குழுவில் தையல் நன்கறிந்த ஓரிருவர் இதனை மேற்கொண்டால் நிலைத்த வருவாய் உண்டு. தேனி மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களிலும் உள்ள சலவைத் தொழிலாளர், தையற்கடைகள் ஆகியவற்றோடு, லோயர் கேம்ப் மலைப்பாதைக்கு அப்பால் தேக்கடிப் பயணிகளுக்காகக் குமுளியில் இயங்கும் விடுதிகளையும் சந்தையாகக் கொள்ளலாம். வெட்டில் எஞ்சும் துண்டுகளைக் கொண்டு சூடான பாத்திரம் இறக்கும் கைபிடித் துணி தைக்கலாம். 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தால் துணிப்பைக்கும் தேவை உண்டு. உறையைத் தனித்தொழிலாகக் கருதாமல், தையல் தொழிலின் ஒரு கிளையாகக் கருதுவதே பொருத்தம்.

ஊராட்சியும் குழுவும் செய்யத்தக்கன

முதலில் கடனன்று, கணக்கெடுப்பே வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் பகுதியில் உள்ள இஸ்திரி மேசைகளை எண்ணி, அளவு குறித்துத் தருதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அடுத்து, பத்து உறைகளை மட்டும் தைத்துப் பத்துப் பேரிடம் ஒரு மாதம் பயன்படுத்தக் கொடுக்க. எங்கே கருகியது, எங்கே கிழிந்தது, மீண்டும் வேண்டுமா, என்ன விலை தருவர் என்பனவற்றை ஏட்டில் குறிக்க. பத்துப் பேரில் அறுவரேனும் விலை கொடுத்து வாங்க முன்வந்த பின்னரே மேற்கொண்டு முதலிடுதல் தகும்.

தையல் இயந்திரத்துக்காகவும் உடனே கடன் பெற வேண்டுவதில்லை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வாயிலாக இயந்திரம் பெற்ற பெண்கள் பல ஊர்களில் உள்ளனர்; மூலையில் மூடிக்கிடக்கும் இயந்திரங்களைத் தேடி எடுப்பதே முதற்பணி. தொழில் வளர்ந்த பின்னர், 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவற்றைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். தையலும் சலவைத் தொழிலும் அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

உறை விற்கச் செல்லும் குழுவினர் பாதுகாப்பையும் எடுத்துரைத்தல் வேண்டும். ஈரமான உறையின்மேல் மின்சாரப் பெட்டியைப் பயன்படுத்துவோர் நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்த வேண்டும். கரிப்பெட்டி வைத்திருப்போர், தேய்க்காத வேளையில் பெட்டியை உறையின்மேல் வைக்காமல் இரும்புத் தாங்கியின்மேல் வைக்க வேண்டும். இவ்விரு செய்திகளையும் ஒரு சிறு துண்டுத் தாளில் அச்சிட்டு உறையுடன் சேர்த்துக் கொடுக்கலாம்.

தெருமுனை இஸ்திரி வண்டி சிறிய தொழில் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. கரி எரிப்பதைக் குறைக்கச் சூரிய சக்தியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், 2021-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் உரையாற்றினார். தெருவோரத் தொழிலைக் கூர்ந்து நோக்கியதன் பயன் அது. அதே வண்டியின்மேல் விரிக்கப்பட்ட கருகிய துணியை நாமும் கூர்ந்து நோக்குவோமாயின், இஸ்திரி போடும் குடும்பத்துக்கு நட்டம் தவிரும். ஊரிலேயே இருந்து உழைக்க வேண்டிய பெண்கள் சிலருக்கு ஊதியம் கிட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன் தத்தம் ஊரின் மேசைகளை எண்ணி முடிக்குமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.